நின்றுபோன வன்தட்டும் சங்கத்துக் கணக்கும்

இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டங்களிலுள்ள கூட்டுறவுச் சங்க அலுவலகங்கள் பலவற்றில் தடித்த அட்டையிட்ட பேரேடுகள் பீரோவின் மேல்தட்டுக்கு ஏறிவிட்டன. அவை இருந்த மேஜையில் ஒரு கணினி அமர்ந்திருக்கிறது. நெசவாளர் சங்கத்தில் எந்தத் தறிக்கு எத்தனை கட்டு நூல் கொடுக்கப்பட்டது, எத்தனை உருப்படி திரும்பி வந்தது, கூலியில் சேமிப்பு நிதிக்குப் பிடித்தது எவ்வளவு என்பனவும், வேளாண்மைக் கடன் சங்கத்தில் தென்னைக்கும் பருத்திக்கும் நெல்லுக்கும் வாங்கிய கடன், ஈடு வைத்த நகையின் எடை, தவணை நாள் என்பனவும், பால் சங்கத்தில் இரு வேளையும் ஊற்றிய பாலின் அளவும் அதன் கொழுப்புச் சத்தும் ஆகிய யாவும், அக்கணினிக்குள் உள்ளங்கை அளவேயான ஒரு பெட்டியில் அடங்கியிருக்கின்றன. ஆங்கிலத்தில் ஹார்டு டிஸ்க் என வழங்கும் அதனை நாம் இங்கு வன்தட்டு என்று குறிப்பிடுவோம்.

அங்கத்தினர்களில் பெரும்பாலோர் இதனைப் பற்றிக் கவலை கொள்வதில்லை. கணக்கு காரியதரிசியின் பொறுப்பு, கணினி அதனைக் கற்ற எழுத்தரின் பொறுப்பு என்று இருந்துவிடுகிறோம். ஐப்பசி மாதத்து இரவொன்றில் மேற்கு மலைமீது இடி இடித்து, மின்சாரம் போய்ப் போய் வந்து, மறுநாட் காலையில் கணினி எழுத்தே காட்டாமல் நின்றுவிட்டதென வைத்துக்கொள்வோம். ஒரு சங்கத்தின் திண்ணையில் கூலிக்காக நெசவாளர்கள் காத்திருக்கிறார்கள். வேறொரு சங்கத்தில், மகளின் கல்யாணத்துக்காக நகையை மீட்க வந்தவர் பணத்தை மடியில் கட்டிக்கொண்டு நிற்கிறார். வட்டியுடன் அவர் கட்டவேண்டியது எவ்வளவு என்று சொல்ல ஆளில்லை. அவ்வேளையில் எதைச் செய்யலாம், எதைச் செய்யலாகாது என்பதை முன்னரே அறிந்திருத்தல் அவசியமன்றோ?

முதலில் தைரியமூட்டும் செய்தி ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். வன்தட்டு 'செத்துவிட்டது' எனப்படும் சமயங்கள் பலவற்றில், பழுதானது அதை ஓட்டும் உறுப்புகளில் ஏதேனும் ஒன்றேயாகும். தட்டின் மேலுள்ள எழுத்து அப்படியே இருக்கும். மீட்கக்கூடியதாக இருந்த அவ்வெழுத்து அழிந்துபோவதற்குக் காரணம், பெரும்பாலும், அது நின்ற பிறகு நாம் பதற்றத்தில் செய்யும் காரியங்களே.

பெட்டிக்குள் நடப்பது

1956ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தார் முதல் வன்தட்டை வெளியிட்டார்கள். ராமாக் என்ற அந்த இயந்திரத்தில் இரண்டடி விட்டமுள்ள தட்டுகள் ஐம்பது இருந்தன. எடை ஒரு டன்னுக்கு மேல். அதில் அடங்கியதோ ஐம்பது லட்சம் எழுத்துக்கள் மட்டுமே. இன்று சங்கத்து மேஜையிலிருக்கும் ஒரு டெராபைட்டு வன்தட்டில் ஒரு லட்சம் கோடி எழுத்துக்கள் அடங்கும். அளவு சுருங்கியதேயன்றி வேலை செய்யும் முறை மாறவில்லை. காந்தப் பூச்சிட்ட அலுமினியத் தட்டோ கண்ணாடித் தட்டோ நிமிஷத்துக்கு 5,400 அல்லது 7,200 சுற்று சுழல்கிறது. அதன்மேல் ஹெட் எனப்படும் மிகச் சிறிய முனை இங்குமங்கும் நகர்ந்து, காந்தப் புள்ளிகளாக எழுதுகிறது, எழுதியதைப் படிக்கிறது.

நெசவாளர் அங்கத்தினர்கள் இவ்விடத்தில் தறியில் ஓடும் நாடாவை நினைத்துக்கொள்ளலாம். ஆனால் நாடா பாவு இழையைத் தொட்டுக்கொண்டே ஓடுகிறது; இந்த முனையோ தட்டைத் தொடவே கூடாது. சுழலும் தட்டு எழுப்பும் காற்றின்மேல், சில நானோமீட்டர் உயரத்தில், அதாவது ஒரு மயிரிழையின் தடிப்பில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு இடைவெளியில், அது மிதந்து செல்கிறது. அந்த இடைவெளியில் ஒரு தூசி புகுந்தாலும் அது நடுவழியில் கிடக்கும் பாறாங்கல்லுக்குச் சமானம். முனை தட்டில் உரசினால் காந்தப் பூச்சு செதில் செதிலாகப் பெயரும். பெயர்ந்த இடத்திலிருந்த எழுத்தை எவராலும் திருப்பித் தர இயலாது.

மருத்துவத்துக்கான கட்டுத்துணி நெய்யும் சத்திரப்பட்டிப் பகுதியினருக்கும், பஞ்சாலைகளை அடுத்து வாழும் இராஜபாளையத்தாருக்கும் பஞ்சுத் துகள் பற்றி நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. வன்தட்டின் உட்புறம் மூடியிருப்பதால் துகள் எளிதில் அதனுள் புகாது. ஆயினும் கணினியின் விசிறியிலும் மின்சாரப் பெட்டியிலும் அடைந்து வெப்பத்தை மிகுவிக்கும். தறிக் கொட்டகைக்கு அடுத்த அறையில் கணினி வைத்திருக்கும் சங்கத்தார் மாதம் ஒருமுறையேனும் அதைத் திறந்து துடைப்பது நலம். நிற்க.

ஓசையைக் கேட்டல்

நல்ல மெக்கானிக் மோட்டாரைப் பிரிக்கு முன் அதன் ஓசையைக் கேட்பான். வன்தட்டிலும் முதற் சோதனை அதுவே. ஆனால் ஒரு முறைதான் கேட்க வேண்டும். மீண்டும் மீண்டும் ஓட்டிப் பார்க்கலாகாது.

ஓசையே இல்லையெனில் முதலில் மின்சாரக் கம்பியையும் செய்திக் கேபிளையும் மாற்றிப் பார்க்க வேண்டும். பிறகு வேறொரு கணினியில் இணைத்துப் பார்க்க வேண்டும். வன்தட்டுக்கு யாதொரு குறையுமின்றி, இருபது ரூபாய்க் கேபிளுக்காகப் பெரும் பணம் செலவழித்தவர்கள் உண்டு. அதிலும் பயனில்லையானால், வன்தட்டின் அடிப்புறத்திலுள்ள பச்சை அல்லது நீலநிற போர்டு கருகியிருக்கலாம். மின்னழுத்தம் திடீரென உயரும்போது, தான் கருகித் தட்டைக் காக்கும்படி அதில் சிறு டயோடுகளை அமைத்திருக்கிறார்கள். மின்னணுப் பழுது பார்ப்பதில் தேர்ந்தவர் கருகிய டயோடை எடுத்துவிட்டு, மின்னழுத்தம் சரியாக உள்ள கணினியில் இணைத்தால், தட்டு மீண்டும் சுழல்வது உண்டு. அப்போது அது காவலற்ற தட்டு. உடனே நகல் எடுத்துவிட வேண்டும்.

அதே கம்பெனியின் அதே மாதிரி வன்தட்டு ஒன்றை வாங்கி, அதன் போர்டைக் கழற்றி இதில் மாட்டினால் ஆயிற்று என்று பலர் எண்ணுகின்றனர். பழைய வன்தட்டுகளில் அது பலித்ததுண்டு. இப்போது பெரும்பாலும் பலிப்பதில்லை. ஒரே ஆசாரி செய்த இரண்டு தறிகளானாலும் ஒவ்வொன்றின் இழுப்பும் தனியன்றோ? அதுபோல ஒவ்வொரு வன்தட்டின் முனைக்கும் உரிய அளவுகள் தொழிற்சாலையிலேயே கணித்து, போர்டிலுள்ள ஒரு சிறு சில்லில் எழுதப்பட்டிருக்கின்றன. அந்தச் சில்லையும் பழைய போர்டிலிருந்து பெயர்த்துப் புதியதில் ஒட்டினாலன்றிப் புதிய போர்டு அத்தட்டைப் படிக்காது.

'டக், டக்' என்று ஒரே சீராகத் தட்டும் ஓசை கேட்டால், முனை பழுதுற்றுத் தன் இடத்தைக் காணாமல் தவிக்கிறது என்று கொள்க. அந்தக் கணமே மின்சாரத்தை நிறுத்த வேண்டும். சுழல முயன்று முனகி நின்றால், முனை தட்டின்மேல் ஒட்டிக்கொண்டதோ மோட்டார் இறுகியதோ ஆகலாம். இவ்விரண்டும் ஊரில் தீரும் வியாதிகளல்ல. தூசி நீக்கிய காற்றுள்ள அறையில், அதே மாதிரியான வேறொரு வன்தட்டிலிருந்து முனைகளை எடுத்துப் பொருத்தி, எழுத்தைப் படித்துக்கொள்ளும் ஆய்வுக்கூடங்கள் சென்னை, பெங்களூரு போன்ற நகரங்களில் இருக்கின்றன. அங்கு அனுப்புவதே வழி.

சுழற்சியும் சரி, ஓசையும் சரி, ஆயினும் கணினி அதனை அடையாளமே காணவில்லை என்பது மற்றொரு வகை. இதற்கு உலகறிந்த உதாரணம் உண்டு. சீகேட் நிறுவனத்தின் பாரகூடா 7200.11 என்ற வன்தட்டுகள் பல, 2008ஆம் ஆண்டின் இறுதியில் யாதொரு முன்னறிவிப்புமின்றி நின்றுபோயின. முதல்நாள் நன்றாக ஓடியது மறுநாள் கணினிக்குத் தென்படாது. தட்டும் முனையும் மோட்டாரும் பழுதற்றிருந்தன. வன்தட்டுக்குள்ளேயே, அது தனக்கு நேர்ந்தவற்றைக் குறித்துக்கொள்ளும் நாட்பதிவு ஒன்று உண்டு. அப்பதிவின் வரிசை எண் 320 போன்ற ஒரு குறிப்பிட்ட எண்ணில் நிற்கும் தருணத்தில் மின்சாரம் போய் வந்தால், அதன் உட்செயல்நிரல் மேலே செல்ல வழி தெரியாமல் மயங்கி நின்றுவிட்டது. உலகத்தார் கணக்கை எல்லாம் சுமக்கும் பெட்டி தன் சொந்தப் பதிவேட்டின் பிழையால் முடங்கிய விநோதத்தைக் கணக்கர்களாகிய நம் காரியதரிசிகள் ரசிப்பார்கள்! 2009ஆம் ஆண்டு ஜனவரியில் நிறுவனத்தார் குறையை ஒப்புக்கொண்டு, திருத்திய நிரலை வெளியிட்டனர். அதற்குள் பல நாட்டுத் தொழில்நுட்பர்களும் உயிர்ப்பிக்கும் வழியொன்றைக் கண்டிருந்தனர். போர்டின் திருகுகளைத் தளர்த்தி, அதன் தொடுமுனைகளுக்கிடையே ஒரு மெல்லிய அட்டைத் துண்டைச் செருகி, வன்தட்டின் பின்புறத்துச் சிறு ஊசிகளில் இரண்டு மூன்று கம்பிகளை இணைத்து, வேறொரு கணினியிலிருந்து கட்டளை தட்டச்சிட்டு, அப்பதிவைத் துடைத்தனர். சில நிமிஷங்களில் 'செத்த' வன்தட்டு எழுந்து தன்னிடமிருந்த அனைத்தையும் கொடுத்தது.

ஏடு பெயர்த்தெழுதும் முறை

மேற்சொன்ன வகைகளைவிட அடிக்கடி நேர்வதும், நம் கையால் தீர்க்கக்கூடியதும் ஒன்று உண்டு. வன்தட்டு கணினிக்குத் தென்படுகிறது. ஆனால் ஒரு கோப்பைத் திறக்க ஒரு யுகம் ஆகிறது. சில கோப்புகள் திறப்பதே இல்லை. தட்டின் சில இடங்கள் நைந்துவிட்டன என்பது பொருள். இந்நிலையில் விண்டோஸ் இரண்டு தவறான உதவிகளைச் செய்ய முன்வரும். தட்டை 'ஃபார்மட்' செய்யவா எனக் கேட்கும். அல்லது பிழை திருத்தவா எனக் கேட்கும். இரண்டிற்கும் வேண்டாமென்றே சொல்ல வேண்டும். பிழை திருத்தும் நிரல் நைந்த தட்டின் மேலேயே எழுதித் திருத்துகிறது; கோப்புகளின் அட்டவணையை வெட்டி ஒட்டுகிறது. எஞ்சியிருந்ததும் அதனால் போகலாம்.

டாக்டர் உ. வே. சாமிநாதையர் (1855–1942) ஊரூராகத் தேடிய ஓலைச்சுவடிகளில் பல, கட்டை அவிழ்த்தால் ஓரம் ஒடியும் நிலையிலிருந்தவை. அத்தகைய ஏட்டை வைத்துக்கொண்டு எவரும் ஆராய்ச்சி செய்யத் தொடங்குவதில்லை. முதலில் பெயர்த்தெழுதிக்கொள்வார்கள், ஆராய்ச்சியெல்லாம் பெயர்த்தெழுதிய பிரதியின் மேலேதான். தெளிவான ஏடுகளை முதலில் பெயர்த்துக்கொண்டு, சிதைந்தவற்றை ஒதுக்கி வைத்துக் கடைசியில் பொறுமையுடன் பார்ப்பது விவேகம். நைந்த வன்தட்டுக்கும் செய்ய வேண்டியது இதுவே.

இதற்கென டிடிரெஸ்க்யூ என்ற இலவச நிரல் லினக்ஸில் உள்ளது. பழைய வன்தட்டுக்குக் குறையாத கொள்ளளவுள்ள புதியது ஒன்றை இணைத்து, இந்நிரலை ஏவினால், எளிதிற் படிக்கக்கூடிய இடங்களை முதலில் அள்ளிக்கொள்ளும். தகராறு செய்யும் இடத்தில் மல்லுக்கு நிற்காமல் தாண்டிச் செல்லும். பின்னர் அவ்விடங்களுக்குச் சிறுகச் சிறுகத் திரும்பி வரும். எதுவரை எடுத்தோம் என்பதைக் குறித்துக்கொள்ளும்படி ஏவியிருந்தால், நடுவே மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்தே தொடரும். ஒரு பகலும் ஓர் இரவும் பிடிக்கலாம். சில நாட்களும் ஆகலாம். எந்தெந்தத் தட்டு, எதிலிருந்து எதற்கு என்பதை இரண்டு பேர் சரிபார்த்த பிறகே ஏவ வேண்டும்; இடம் மாறினால் வெற்றுத் தட்டின் நகல் கணக்கின்மேல் ஏறிவிடும். எடுத்த நகலின்மேல்தான் டெஸ்ட்டிஸ்க், போட்டோரெக் முதலிய மீட்பு நிரல்களை ஓட்ட வேண்டும். தவறி அழித்த கோப்பைத் தேடுவதற்கும் இவ்விதியே. அழித்த கோப்பின் இடத்தில் வேறொன்று எழுதப்படும்வரை அது தட்டிலேயே கிடக்கும். ஆகவே மீட்பு நிரலைக்கூட அதே வன்தட்டில் பதியலாகாது. எஸ்.எஸ்.டி. என்ற புதுவகைத் தட்டில் இந்தச் சலுகையும் பெரும்பாலும் கிடையாது. அழித்த இடத்தை அது தானே துடைத்துவிடுகிறது.

நின்றுபோன வன்தட்டைக் குளிர்பதனப் பெட்டியில் ஓரிரவு வைத்தால் எழும் என்றொரு கைவைத்தியம் நெடுநாளாக உலவி வருகிறது. குளிர்ந்த தட்டின்மேல் நீர்த்துளி படியும் என்பதை எண்ணிப் பார்த்தால் இதன் அபாயம் விளங்கும். மூடியைத் திறந்து உள்ளே என்னதான் இருக்கிறதெனப் பார்க்கும் ஆவல் அதைவிடக் கொடியது.

வெள்ளமும் தீயும்

2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் நமக்குத் தெற்கே திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களிலும் வெள்ளம் புகுந்ததை அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நீரில் மூழ்கிய வன்தட்டை வெயிலில் உலர்த்துவதும், ஈரத்தோடு மின்சாரம் கொடுப்பதும் கூடாது. உலர்ந்தால் நீரிலிருந்த சேறும் உப்பும் தட்டில் படிந்து இறுகும். ஈரம் போகாதபடி பிளாஸ்டிக் பையில் கட்டி, விரைவாக ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும்.

இத்தகைய முயற்சியின் எல்லை எது என்று காட்டுவதற்குக் கொலம்பியா விண்கலத்தின் கதையைச் சொல்லலாம். 2003ஆம் ஆண்டு பிப்ரவரி 1ஆம் நாள், கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவரையும் பலிகொண்டு அக்கலம் வானிலேயே சிதறியது. அதிலிருந்த ஒரு வன்தட்டு, சுமார் ஆறு மாதங்களுக்குப் பின், டெக்சாஸ் மாநிலத்தில் வற்றிய ஏரிப் படுகை ஒன்றில் கிடைத்தது. சுமார் 400 மெகாபைட்டு கொள்ளளவுள்ள பழைய ரகம் அது. வெளிப்புறம் உருகியும் கருகியும் இருந்தது. உள்ளே மண் புகுந்திருந்தது. மின்னியாபொலிஸ் நகரை அடுத்துள்ள கிரோல் ஆன்டிராக் நிறுவனத்தில் ஜான் எட்வர்ட்ஸ் என்ற பொறியாளர் தட்டுகளைக் கழுவி, வேறொரு வன்தட்டின் கூட்டில் பொருத்தினார். செனான் வாயுவின் பிசுக்குத் தன்மை பற்றிக் கலத்தில் நடந்த சோதனையின் குறிப்புகள் அதில் இருந்தன. நூற்றுக்கு 99 பங்கு கிடைத்தன. அவற்றைக் கொண்டு எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரை 2008இல் வெளியாயிற்று. தட்டு பாதியளவே நிரம்பியிருந்ததும், எழுத்து ஒரே இடத்தில் தொடர்ச்சியாக அமைந்திருந்ததும், மண் உரசிய இடம் வேறாக இருந்ததும் நற்பேறு. விண்ணிலிருந்து எரிந்து விழுந்ததைப் பிழைக்க வைக்க முடிந்தது. ஆனால் நம் மேஜையிலேயே சுரண்டுண்டு பூச்சு பெயர்ந்த தட்டைப் பிழைக்க வைக்க அவராலும் முடியாது.

சங்கத்தார் முன்னதாகச் செய்ய வேண்டியவை

ஆய்வுக்கூடத்தின் கூலி குறைவானதல்ல. ஆயினும் எழுத்து கிடைத்தாலன்றிக் கூலியில்லை என்னும் ஏற்பாட்டில் வேலை செய்பவர்கள் உண்டு. நிர்வாகக் குழுவின் தீர்மானத்துடன், வன்தட்டின் வரிசை எண்ணைக் குறித்து, ரசீது பெற்று ஒப்படைக்க வேண்டும். அதில் இருப்பது காரியதரிசியின் சொந்தப் பொருளன்று. அங்கத்தினர்களின் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கும் கடனும் நகையும். 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இத்தகைய விவரங்களைப் பற்றியதே. மற்றொன்று: புதிய விண்டோஸ் கணினிகள் பலவற்றில் தட்டிலுள்ள எழுத்து தானாகவே பூட்டப்பட்டிருக்கிறது. அதைத் திறக்கும் 48 இலக்க எண்ணைத் தாளில் எழுதி இரும்புப் பெட்டியில் வைக்காத சங்கத்துக்கு, வன்தட்டு முழுதும் மீண்டாலும் ஓரெழுத்தும் கிட்டாது.

நாட்டிலுள்ள 63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களைப் பொதுவான மென்பொருளின்கீழ்க் கொண்டுவர 2022 ஜூனில் மத்திய அரசு 2,516 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. அதன்படி மாறிய சங்கத்தின் கணக்கு ஒரு மேஜையை மட்டும் நம்பியிருப்பதில்லை. ஆனால் மாறுவதற்கு முந்திய ஆண்டுகளின் விவரம் பழைய கணினியிலேயே கிடக்கலாம். நெசவாளர் சங்கங்கள் அத்திட்டத்தில் அடங்கியவையல்ல. கணினியில் வரைந்து வைத்த கரை, முந்தானை வடிவங்களும் இவ்வாறு ஒரே தட்டில் இருப்பவைதாம். ஜக்கார்டு அட்டை கிழிந்தால் துளையைக் கண்ணால் பார்த்து வேறு குத்திக்கொள்ளலாம். இங்கே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை.

ஆகவே வாரம் ஒருமுறையேனும் நகல் எடுத்தல் வேண்டும். அந்நகல் அதே கட்டிடத்தில் இருத்தலாகாது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இராஜபாளையத்துக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். இவ்வூர்ச் சங்கத்தின் நகலைக் கடவுச்சொல்லிட்டுப் பூட்டி அவ்வூர்ச் சங்கத்தின் பெட்டகத்திலும், அவ்வூருடையதை இவ்வூரிலும் வைத்துக்கொண்டால் செலவு ஒரு பஸ் டிக்கெட்டேயாகும். ஒரே இடியில் இரண்டும் போகா.

எல்லா முயற்சியும் தோற்றுவிட்டால் என்ன செய்வது? அப்போதும் கணக்கு முற்றிலும் போய்விடுவதில்லை. வேளாண்மைக் கடன் சங்கத்துக்கும் மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிக்கும் இடையே நடந்த வரவு செலவு விருதுநகரில் இருக்கிறது. நெசவாளர் சங்கத்திலிருந்து கோ-ஆப்டெக்ஸ் கொள்முதல் செய்த சரக்கின் விவரம் அவர்களிடம் இருக்கிறது. சென்ற ஆண்டின் தணிக்கை அறிக்கையில் ஆண்டிறுதி நிலுவைகள் உண்டு. அதற்குப் பிந்திய மாதங்களுக்கு ரசீதுக் கட்டுகளும், எல்லாவற்றுக்கும் மேலாக அங்கத்தினர் வீட்டிலுள்ள பாஸ்புத்தகங்களும் சாட்சி. ஆயிரம் அங்கத்தினர் கையில் ஆயிரம் நகல். தறிக்குழியோரத்து மாடத்திலும், தோப்பு வீட்டு டிரங்குப் பெட்டியிலும் இருக்கும் அச்சிறு புத்தகத்தில் கடைசிப் பதிவு எந்த மாதத்தில் நின்றிருக்கிறது என்பதை அங்கத்தினர் ஒவ்வொருவரும் இன்றே எடுத்துப் பார்க்கலாம். பதிவு ஆறு மாதம் பிந்தியிருந்தால், அந்த ஆறு மாதத்துக்கு அவருடைய சேமிப்புக்குச் சாட்சி நின்றுபோன அந்தத் தட்டு ஒன்றுதான். கவுண்டரில் பதிந்து தரும்படி கேட்க அவருக்கு உரிமையுண்டு.

மீட்பு முடிந்த பிறகு பழைய வன்தட்டைக் காயலான் கடைக்கு எடை போட்டுவிடக் கூடாது. மீட்ட கணக்கை ரசீதுகளோடு ஒப்பிட்டு, அவ்வாண்டுத் தணிக்கை முடியும்வரை அதைப் பெட்டகத்தில் வைத்திருக்க வேண்டும். பின்னர் நிர்வாகக் குழுவினர் முன்னிலையில் தட்டுகளினூடே இரண்டு மூன்று இடங்களில் துளையிட்டு, வரிசை எண்ணையும் தேதியையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையொப்பமிட்டுக் கழிக்கலாம்.